சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்ப்பவருக்குச் சட்டப்படி என்ன பொறுப்பு?

உரிமம் வாங்கிவிட்டால் போதுமா, நாய் கடித்தால்தானே வழக்கு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்பதே என் பதில்.

உரிமம் எளிது. மாநகராட்சி இணையதளத்தில் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றுடன் விண்ணப்பித்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2025இல் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயமாக்கப்பட்டு, உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது.

பலருக்கும் தெரியாதது, நாட்டின் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் தெரிந்தோ அலட்சியமாகவோ இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது அது. கடித்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். எங்கள் லாப்ரடார் பரம சாது என்ற நம்பிக்கையில் வாரைத் தளர்த்திப் பிடித்திருந்தேன். லிஃப்ட் கதவு திறந்ததும் அது உணவுப் பொட்டலத்தை நோக்கித் தாவ, கொண்டுவந்த இளைஞர் பின்வாங்கிப் படிக்கட்டில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பல் படவேயில்லை, ஆனாலும் தவறு முழுக்க என்னுடையது. இப்போது கதவு திறக்கும் முன்பே வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்.

நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டால் அது செல்லாது. லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்பதும் அப்படியே. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் பொது இடத்தில் நாய் மலம் கழித்தால் அள்ளுவது உங்கள் வேலை.

நாயின் பக்கமும் சட்டம் இருக்கிறது. எப்போதும் கட்டியே வைத்து, நடக்கக்கூட அழைத்துச் செல்லாதிருப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். லிஃப்டுக்கு வெளியே சிதறிய அந்தப் பிரியாணியின் விலைகூட இல்லை.

ஒருவேளை கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவவைத்து, உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். தடுப்பூசிச் சான்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.