பட்டமும் படமும்

கேள்வி: உலகின் தலைசிறந்த படம் என்கிறார்களே என்று 'சிட்டிசன் கேன்' பார்த்தேன். அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. அத்தனை புகழுக்குத் தகுதியானதுதானா?

பதில்: தகுதியானதுதான். அந்தப் பட்டம்தான் படத்துக்குக் கெடுதல் செய்கிறது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை முதலிடம், 2022-ல் மூன்றாமிடம். இந்த எண்களை மறந்துவிட்டுப் பாருங்கள்.

தொடக்கத்தில் வரும் செய்திப்படத்தைத் தவறவிடாதீர்கள். கதாநாயகன் கேன் ஒரு பத்திரிகை அதிபர்; அவரது முழு வாழ்க்கையும் அதில் வந்துவிடுகிறது. பின்னர் ஐந்து பேரின் நினைவுகள் முன்னும் பின்னுமாக ஓடும்போது அதுதான் பிடிமானம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

பிறகு பனியில் சிறுவன் கேன் விளையாடும் காட்சி. முன்னால் தாய், மகனைப் பிறரிடம் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள், நடுவில் தந்தை தவிக்கிறார், ஜன்னலுக்கு வெளியே மகன். மூன்றும் ஒரே ஷாட்டில் துல்லியம். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அகலக்கோண லென்ஸ், பலத்த விளக்கொளி, சிறிய அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) மூன்றையும் சேர்த்துச் சாதித்தது இது. கேமராவைத் தாழ்வாக வைத்ததால் மேற்கூரை தெரிய வேண்டியிருந்தது; அதைத் துணியால் அமைத்து, மேலே மைக்கை மறைத்தார்கள். 1941-ல்! ஒரு திருமணம் கசந்துபோவதைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லி முடிக்கும் காட்சியும் அபாரம்.

கேனின் இரண்டாம் மனைவி சூசனின் பாட்டுப் பகுதி கொஞ்சம் இழுக்கிறது, உண்மைதான்.

இது அகலம் குறைந்த பழைய வடிவப் படம்; டிவியில் அகலமாக இழுத்துவிடாதீர்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். அசைவுகளைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' என்ற டிவி வசதியையும் அணைத்துவிடுங்கள்.