சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் எப்படிப் பெரிய உதவித்தொகை தருகின்றன?

அமெரிக்காவில் இலக்கியம், வரலாறு, கணிதம், அறிவியல் என எல்லாவற்றையும் கலந்து இளநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் சிறிய கல்லூரிகளை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்பார்கள். பலவற்றில் இரண்டாயிரம் பேர்கூடப் படிப்பதில்லை. அப்படியிருந்தும் சில கல்லூரிகள் கட்டணத்தின் பெரும்பகுதியையே தள்ளுபடி செய்கின்றன. பணம் எங்கிருந்து வருகிறது?

முன்னாள் மாணவர்களும் கொடையாளர்களும் தந்த நிதியிலிருந்து. கோயிலுக்கு எழுதிவைத்த நிலத்தை விற்காமல், விளைச்சலைக் கொண்டே தினப்பூசை நடத்துவதைப் போல, மூலதனத்தைத் தொடாமல் வருமானத்தின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் செலவிடுகிறார்கள். வில்லியம்ஸ் கல்லூரி 2022 முதல் தன் நிதியுதவியில் கடனையே நீக்கி, திருப்பிக் கட்டத் தேவையில்லாத தொகையாகவே தருகிறது. கென்டக்கி மாநிலத்தின் பெரியா (Berea) கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. மாணவர்கள் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணிநேரம் கல்லூரியில் வேலை செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவே நடத்தப்படும் கல்லூரி அது.

உதவித்தொகை முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இத்தகைய கல்லூரிகளில் சேர இடம் கிடைத்த பிறகு, தொகையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குடும்ப வருமானமே.