சோலையாறு அணையில் மழைக்காலப் பறவைகள்

கேள்வி: ஜூலையில் குடும்பத்துடன் வால்பாறைக்குச் செல்கிறோம். மழையில் சோலையாறு அணைக்கரையில் பறவைகளைப் பார்க்க முடியுமா? சென்ற முறை பைனாகுலரில் வெறும் மங்கல்தான் தெரிந்தது. (வாசகி, பல்லடம்)

பதில்: முடியும், ஆனால் வலசை வாத்துகளை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள், அவை வடக்கிலிருந்து குளிர்காலத்தில்தான் வரும். தென்மேற்குப் பருவமழையில் நீர்ப்பரப்பைவிடக் கரையோர மரங்களும் ஓடைகளுமே கவனத்திற்குரியவை. விடிவதற்குச் சற்று முன், யாரோ சாவகாசமாகச் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. கறுப்பாகத் தெரியும் அதன் தோளில் ஒளி படும்போது பளிச்சென்று நீலம் மின்னும். மழை ஓய்ந்த இடைவெளிகளில் பட்ட மரக்கிளைகளைப் பாருங்கள்: நீர்க்காகங்களின் இறகு நீரில் நனையும் தன்மையுடையது என்பதால், அவை சிறகை விரித்து உலர்த்தக் காத்திருக்கும்.

மங்கலுக்குப் பெரும்பாலும் உங்கள் மூச்சுக்காற்றே காரணம். கருவியை முகத்தருகே தொங்கவிடாமல் சற்றுத் தாழ்த்தி வைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மேகமூட்டத்தில் 10x25 கருவியைவிட (10 மடங்கு உருப்பெருக்கம், 25 மி.மீ. விட்டமுள்ள முன் லென்ஸ்) 8x42 வெளிச்சமாகக் காட்டும். வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் முன்னதில் 2.5 மி.மீ., பின்னதில் 5 மி.மீ.க்கு மேல். சலசலக்கும் மழைக்கோட்டைவிடக் குடையே மேல் என்பது என் கட்சி. அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம் போதும். யானை நடமாடும் பகுதி என்பதால் இருட்டில் தனியே இறங்க வேண்டாம்.