கம்பெனி சர்வீஸ் எஸ்டிமேட்: எதற்குத் தலையாட்டலாம், எதை அடிக்கச் சொல்லலாம்?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். என் பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கி 3 ஆண்டு ஆகப்போகிறது. 28,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன ஆண்டு ஷோரூம் சர்வீஸுக்கு 5,400 ரூபாய் ஆனது. இந்த முறை 15,160 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள் (நகல் இணைத்துள்ளேன்). "எல்லாம் கம்பெனி சொல்வதுதான் சார், செய்யாவிட்டால் வாரண்டியில் பிரச்சினை வரும்" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். இவ்வளவும் தேவையா? வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடுமா?

பதில்: இவ்வளவும் தேவையில்லை. எஸ்டிமேட்டை வரிவரியாகப் பார்த்தேன். வழக்கமான சர்வீஸில் வரக்கூடிய வேலைகள் எல்லாம் சேர்ந்து 6,780 ரூபாய். மீதி 8,380 ரூபாய், அட்டவணையில் இல்லாத கூடுதல் வேலைகளுக்கு. அவற்றைச் செய்யாமல் விட்டதற்காக வாரண்டி போகாது. வாரண்டிக்கு வேண்டியது, கம்பெனி அச்சிட்டுக் கொடுத்த பராமரிப்பு அட்டவணைப்படி நேரத்துக்கு சர்வீஸ் செய்திருப்பதும் அதற்கான பில்லும்தான்.

அந்த அட்டவணை உங்கள் கையிலேயே இருக்கிறது. குளோவ் பாக்ஸில் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலின் பின்பகுதியைப் பாருங்கள். மேலே கிலோமீட்டரும் மாதமும், இடப்பக்கம் பாகங்களின் பெயரும், கட்டங்களில் ஆங்கில எழுத்துகளும் இருக்கும். 'ஐ' என்றால் பார்த்தால் போதும், 'ஆர்' என்றால் மாற்ற வேண்டும். உங்களுக்கு 30,000 கிலோமீட்டர் அல்லது 36 மாதம் என்ற நிரல். அதற்கு நேரே எதற்கெல்லாம் 'ஆர்' இருக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் இதைவிட நல்ல பதில் கிடையாது.

இனி உங்கள் எஸ்டிமேட். என்ஜின் ஆயில் 3.1 லிட்டர் 1,780 ரூபாய், ஆயில் ஃபில்டரும் டிரெயின் வாஷரும் 150. இதில் பேரமே வேண்டாம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடாவிட்டாலும், தூரமா காலமா எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். ஆனால் எந்த கிரேடு ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். புது பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய சிந்தெடிக் ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். மேனுவலில் எது போட்டிருக்கிறதோ அதுவே பில்லிலும் இருக்க வேண்டும். வெளியே மலிவாக முடிகிறது என்று பேரலில் இருந்து கெட்டியான 20டபிள்யூ-40 ஆயிலை ஊற்றிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே மிச்சமாகும் காசை மைலேஜிலும் என்ஜின் தேய்மானத்திலும் கொடுத்துவிடுவீர்கள்.

ஏர் ஃபில்டர் 420 ரூபாய். பல கார்களுக்கு இதை 40,000 கிலோமீட்டரில்தான் மாற்றச் சொல்வார்கள், தூசி நிறைந்த ரோட்டில் ஓடினால் முன்பே. உங்கள் நிரலில் 'ஐ' இருந்தால், கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் காற்றடித்துத் திரும்பப் போடலாம். மண் அப்பிக்கிடந்தால் மாற்றுங்கள். ஏசி ஃபில்டர் 480. நம் ஊர் வெயிலில் ஏசி இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர் யார்? வருடத்துக்கு ஒன்று நியாயம்தான். பல மாடல்களில் குளோவ் பாக்ஸைக் கீழே இறக்கினால் நாமே மாற்றிவிடலாம்.

பிரேக் ஆயில் 350 ரூபாய். எஸ்டிமேட்டைக் குறைக்க வேண்டும் என்றால் நிறையப் பேர் முதலில் அடிப்பது இந்த வரியைத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூடு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் நிற்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. 3 ஆண்டில் உங்கள் பழைய பில் எதிலும் இது இல்லையென்றால், இந்த முறை கட்டாயம் மாற்றுங்கள்.

சர்வீஸ் லேபர் 2,450 ரூபாய். ஜிஎஸ்டி வரியை நீக்கினால் சுமார் 2,076. கூடுதலாகத் தெரிந்தாலும் ஸ்கேனர், லிஃப்ட், வாட்டர் வாஷ் எல்லாம் அதற்குள்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சில பில்களில் பீரியாடிக் சர்வீஸ் லேபரும் இருக்கும், அதற்குக் கீழே பிரேக் கிளீனிங்குக்குத் தனிக் கூலி, ஃபில்டர் மாற்றத் தனிக் கூலி என்றும் இருக்கும். "இது சர்வீஸ் லேபரிலேயே சேர்ந்ததுதானே?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

வீல் அலைன்மெண்டும் பேலன்சிங்கும் 1,150. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா, டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் செய்யுங்கள். மூன்றும் இல்லையென்றால் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். டயர் கடைகளில் இதைவிடக் குறைவாகவே முடியும். அதை எடுத்துவிட்டால் உங்கள் பில் 5,630 ரூபாய், ஏறக்குறைய போன ஆண்டுக் கணக்குதான்.

அப்புறம் அந்த 8,380. என்ஜின் டீகார்பனைசிங் (கரி நீக்கம்) 1,900, பெட்ரோலில் கலக்கும் இன்ஜெக்டர் கிளீனர் 550, த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங் 850, ஏசி கிருமிநீக்கம் 950, உள்பக்க டிரை கிளீனிங் 1,250, அண்டர்பாடி கோட்டிங் 2,400, எலி விரட்டி ஸ்ப்ரே 480.

டீகார்பனைசிங்குக்கு அவர்கள் சொல்லும் காரணம் முழுப் பொய் அல்ல. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் இன்டேக் வால்வில் கரி படியும், ஏனென்றால் அங்கே பெட்ரோல் பட்டுக் கழுவுவதில்லை. நம் ஊரில் ஓடும் சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை அந்த வகை இல்லை. அவற்றில் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கப்படுகிறது, அதுவே வால்வைக் கழுவிக்கொண்டிருக்கும். 28,600 கிலோமீட்டரில், மைலேஜ் குறையாமல், பிக்கப் மந்தமாகாமல் ஓடுகிற என்ஜினுக்கு இது தேவையே இல்லை. இன்ஜெக்டர் கிளீனரும் அப்படித்தான். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) ஏறி இறங்கினால் மட்டும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யலாம்.

ஏசியில் வாடை வந்தால் முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். சில நேரம் வாடை அதோடு போய்விடும். டிரை கிளீனிங் உங்கள் விருப்பம், வீட்டு வேக்குவம் கிளீனரே போதும். அண்டர்பாடி கோட்டிங் தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் ஒருமுறை யோசிக்கலாம். ஒவ்வொரு சர்வீஸிலும் பூச வேண்டிய விஷயம் அல்ல. எலித் தொல்லை நிஜமானது, ஒயரைக் கடித்துவிட்டால் செலவு பெரிது. ஆனால் அந்த ஸ்ப்ரே ஒரு வருடம் நிற்காது. கடையில் ஒரு பாட்டில் வாங்கி நீங்களே அவ்வப்போது அடித்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? புது கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் மெல்லியது. ஷோரூம் வாடகையும் சம்பளமும் வருவது சர்வீஸிலும் ஸ்பேர் பார்ட்ஸிலும்தான். இந்தக் கூடுதல் வேலைகளை 'வேல்யூ ஆடட் சர்வீஸ்' என்பார்கள். அட்வைசர்களுக்கு மாதாமாதம் அதில் டார்கெட் உண்டு, அடைந்தால் இன்சென்டிவ். நான் சர்வீஸ் அட்வைசராக இருந்த காலத்தில் தினமும் காலை மீட்டிங்கில் முதலில் கேட்கப்பட்டது இந்தக் கணக்குதான். ஆகவே அந்தப் பையன் மேல் கோபப்படாதீர்கள், சத்தம் போடாதீர்கள். மரியாதையாகவே, "தம்பி, மேனுவலில் இருப்பதை மட்டும் செய்யுங்க, மத்ததை எஸ்டிமேட்டில் அடிச்சிருங்க" என்று சொல்லுங்கள். அடித்த பிறகு வரும் தொகையைப் பார்த்துவிட்டே ஜாப் கார்டில் (செய்யப்போகும் வேலைகளை எழுதும் தாள்) கையெழுத்துப் போடுங்கள். "போன் பண்ணிக் கேட்காமல் கூடுதல் வேலை எதுவும் செய்யக்கூடாது" என்று அதிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாலையில் பழைய ஃபில்டர்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கழற்றிய ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று காட்டினால் பயப்படாதீர்கள். கரியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, கறுக்கத்தான் செய்யும்.

விலையைச் சரிபார்க்கவும் வழி உண்டு. மாருதி, ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் இணையதளத்தில் மாடலையும் கிலோமீட்டரையும் கொடுத்தால் சர்வீஸ் செலவு எவ்வளவு என்று காட்டும். பார்ட்ஸ் அட்டைப்பெட்டியில் எம்ஆர்பி அச்சிட்டிருக்கும். இன்னொன்று: கார் உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பில்லில் பார்ட்ஸுக்கு நேரே எந்த விகிதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, வாரண்டி. வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டியே கிடையாது என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவின்படி பார்த்தால், கொள்கை உங்கள் பக்கம். ஆனாலும் என்ஜினில் ஒரு பெரிய கோளாறு வந்து, "வெளியே என்ன ஆயில் ஊற்றினார்களோ" என்று டீலர் கைவிரித்தால், நிரூபிக்க அலைய வேண்டியவர் நீங்கள்தான். மிச்சம் சில நூறு ரூபாய் என்றால் அந்த அலைச்சல் கட்டாது. வாரண்டி முடியும்வரை ஷோரூமிலேயே விடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, அதுவரைக்கும்.

உங்களுக்கு 3 ஆண்டு முடியப்போகிறது, வாரண்டியும் அதோடு முடியலாம் என்பதால் இந்த சர்வீஸில் வேறொரு வேலை இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சஸ்பென்ஷனில் கடகட சத்தம், ஏசி குளிர்ச்சிக் குறைவு, ஸ்டீயரிங்கில் தட்டல், ஜன்னல் கண்ணாடி ஏறுவதில் தயக்கம் என்று சின்னதாக எது இருந்தாலும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். சத்தம் வரும் ரோட்டில் அட்வைசரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வாருங்கள். வாரண்டிக்குள் எழுத்தில் பதிவான புகாருக்குப் பிறகு பணம் கேட்டால் அந்தத் தாளைக் காட்டிப் பேசலாம். வாய்ச்சொல்லுக்கு அந்தப் பலம் இல்லை.

வாரண்டி முடிந்த பிறகு ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் போன்ற வேலைகளை நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரிஜினல் பார்ட்ஸும் சரியான கிரேடு ஆயிலும் நீங்களே கடையில் வாங்கிக் கொடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ், ஏர்பேக், சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டதை மட்டும் ஷோரூமில் பார்ப்பது நல்லது.

நீங்கள் வேண்டாம் என்று அடித்ததையும் செய்து பில் போட்டுவிட்டால், முதலில் சர்வீஸ் மேனேஜரிடம் ஜாப் கார்டைக் காட்டிக் கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையம், அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கையெழுத்தான ஜாப் கார்டும் எஸ்டிமேட்டும் பில்லும் அதற்கு வேண்டும், மூன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.