லினக்ஸ் நிறுவிய பிறகு 1366×768 மானிட்டரில் 1024×768 மட்டுமே கிடைக்கிறது. விஜிஏ கேபிளில் இணைத்திருக்கிறேன். சரியான அளவை எப்படிக் கொண்டுவருவது?

கோத்தகிரியில் பசுந்தேயிலை எடைக் கணக்கு எழுதும் எங்கள் சிறிய அலுவலகத்தில், ஒரு நவம்பர் மழையின்போது இதே தொல்லை எனக்கும் நேர்ந்தது. ‘ல’, ‘வ’ முதலிய எழுத்துகளின் சுழிகள் பக்கவாட்டில் உப்பிப் பூசணிக்காய்போல் தெரிந்தன. நிறத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அதனால் கேபிளைச் சந்தேகிக்கத் தோன்றாமல், கிராபிக்ஸ் டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவி இரண்டு மாலைகளை வீணாக்கினேன்.

மானிட்டர் தன்னால் எந்தெந்த அளவுகளைக் காட்ட முடியும் என்பதை இடிஐடி என்ற சிறு தரவுத் தொகுப்பாகக் கணினிக்குத் தெரிவிக்கிறது. விஜிஏ கேபிளில் மூன்று நிறங்களும் 1, 2, 3-ஆம் பின்களில் செல்ல, இந்தத் தகவல் 12, 15-ஆம் பின்களில் தனியே செல்கிறது. ஆகவே அவ்விரண்டில் ஒன்று கெட்டாலும் படம் நன்றாகவே வரும். வந்திருக்கும் மானிட்டர் எது என்பது மட்டும் கணினிக்குத் தெரியாது. தெரியாத மானிட்டருக்கு லினக்ஸ் 1024×768 என்ற பொதுவான அளவோடு நின்றுகொள்கிறது. எங்கள் கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது 12-ஆம் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சன்னலைத் திறந்தால் மூடுபனி மேசைவரை வரும் ஊரில் இதற்கு வியப்பதற்கில்லை. எனவே முதலில் வேறொரு கேபிளை மாட்டிப் பாருங்கள்.

எனக்கு நல்ல கேபிள் வாங்க மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருந்ததால், அதுவரை அளவைக் கையால் கொடுத்து ஓட்டினேன். டெர்மினலில் சிவிடி கட்டளைக்கு 1366, 768 ஆகிய எண்களைக் கொடுத்தால் மோட்லைன் என்ற ஒரு வரி கிடைக்கும். அதில் 1368 என்றிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அந்தக் கணக்கு அகலத்தை எட்டின் மடங்காகவே எடுத்துக்கொள்ளும், 1366 எட்டால் வகுபடாது. மிகுந்த இரண்டு புள்ளிகளை எங்கள் மானிட்டரின் ஆட்டோ பொத்தானே சரிக்கட்டிவிட்டது. அவ்வரியை, திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையின் நியூமோட் மூலம் அறிவித்து, ஆட்மோட் மூலம் உங்கள் வெளியீட்டுப் பெயருடன் (மானிட்டர் மாட்டிய இணைப்பின் பெயர், எங்களுக்கு விஜிஏ-1) சேர்த்து, பிறகு அவுட்புட், மோட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் திரை உடனே மாறும். லினக்ஸில் திரையைக் காட்டும் அமைப்புகள் வேலண்ட், எக்ஸ்ஆர்க் என இரண்டு. வேலண்டில் இது பலிக்காது. உங்கள் லினக்ஸில் எக்ஸ்ஆர்க் அமர்வு இருந்தால், உள்நுழையும்போது அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கணினியை மறுபடி தொடங்கினால் இந்த மாற்றம் போய்விடும். நிலைக்க வேண்டுமானால், ஈடிசி அடைவின் எக்ஸ்11-க்குள் இருக்கும் எக்ஸ்ஆர்க்-கான்ஃப்-டி அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, மானிட்டர் பகுதியில் வெளியீட்டுப் பெயரையும் அதே மோட்லைனையும் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் வேறொருவரின் முழுக் கோப்பை அப்படியே ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரை இருண்டுவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் நுழைந்து அக்கோப்பை நீக்கிவிடலாம். புதிய கேபிள் வந்ததும் நானும் அதை நீக்கிவிட்டேன், அடுத்து மாட்டும் மானிட்டருக்கும் பழைய அளவையே அது திணிக்கும் என்பதால்.