எஸ்ஏடி பயிற்சி அப்புறம், முதலில் பாடத்தேர்வு

அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் ஒரு தாய் கேட்கிறார்: "மகள் இப்போதுதான் பத்தாம் வகுப்பை முடித்தாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு எங்கிருந்து தொடங்குவது? எஸ்ஏடி வகுப்பில் சேர்க்கவா? நாலைந்து கிளப்களில் சேரச் சொல்லவா?"

எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு, கிளப் இரண்டும் அப்புறம். பதினோராம் வகுப்பில் அவள் என்னென்ன பாடங்கள் எடுக்கிறாள் என்பதை முதலில் பாருங்கள். மதிப்பெண்களோடு, அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன என்ற விவரத்தையும் பள்ளி கல்லூரிக்கு அனுப்பும். கடினமான பாடங்கள் இருந்தும் எளிதானவற்றையே எடுத்து வாங்கிய 'ஏ'க்கு மதிப்பு குறைவு. அதற்காக இருக்கிற ஏபி (கல்லூரி அளவுப் பாடங்கள்) எல்லாவற்றையும் தலையில் ஏற்ற வேண்டாம். பொறியியல் ஆசை இருந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸும் இயற்பியலும் வருமாறு திட்டமிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பின் நவம்பரிலேயே விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் பதினோராம் வகுப்புதான் கல்லூரி முழுதாகப் பார்க்கும் கடைசி ஆண்டு.

எஸ்ஏடி வேண்டுமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022இல் அதை மறுபடி கட்டாயமாக்கியது. நிறைய இடங்களில் மாணவர் விருப்பம். எஸ்ஏடி எழுதப் பயன்படும் ப்ளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகள் இலவசம். காசு கட்டுவதற்கு முன் ஒன்றை எழுதிப் பார்க்கட்டும். பதினோராம் வகுப்பின் வசந்தத்தில் ஒரு முறை, தேவைப்பட்டால் ஆகஸ்டில் இன்னொரு முறை, போதும்.

கிளப் விஷயத்தில் உங்கள் பதற்றம் புரிகிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் 10 செயல்பாடுகளுக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள். பத்தையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றிரண்டில் ஆண்டுக்கணக்காக ஊன்றியிருப்பது போதும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், பள்ளி விட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும்கூட அங்கே எழுதக்கூடியவைதான்.

உங்கள் கேள்வியில் வராத ஒன்று பணம். உங்கள் நிலைமையில் அதுதான் பெரிய விஷயம். எச்-4 மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது, ஆகவே அதற்கான விண்ணப்பமான ஃபாஃப்சா உங்களுக்குப் பயன்படாது. சில தனியார் கல்லூரிகள் சொந்த நிதியிலிருந்து உதவும். ஆனால் அவற்றில் பல, எச்-4 பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர்களோடு சேர்த்தே கணக்கிடும். உதவி கேட்பதே சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கும் இடங்களும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தெரிந்தவர் சொன்னதை நம்பாமல் கல்லூரிக்கே எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரித் தளங்களில் உள்ள கட்டணக் கணிப்பான் பெரும்பாலும் குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்காக அமைந்தது. அது காட்டும் தொகையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இடையில் கிரீன் கார்டு வந்துவிட்டால் ஃபாஃப்சா திறந்துவிடும். அதில் பார்ப்பது கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்தைய வருமானம். அதாவது பத்தாம் வகுப்பின் பாதியில், ஜனவரியில் தொடங்கி, பதினோராம் வகுப்பின் பாதியில், டிசம்பரில் முடியும் ஆண்டு. உங்களுக்கு அந்த ஆண்டு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. வரித்தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

வருடத்துக்கு எவ்வளவு முடியும் என்ற தொகையை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கல்லூரிப் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும். ஏப்ரலில் இடம் கிடைத்தபின் "முடியாதும்மா" என்று சொல்வது இதைவிடக் கொடுமை.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பதினோராம் வகுப்பு ஆசிரியர்கள் இருவரைக் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடட்டும். அந்தக் கோடையிலேயே கட்டுரையும் எழுதட்டும், உச்ச வரம்பு 650 சொற்கள். நீங்கள் திருத்த உட்காராதீர்கள், பெற்றோர் கை பட்டது பளிச்சென்று தெரியும்.

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் 'எர்லி டிசிஷன்' பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொள்ள வேண்டும். உதவித்தொகை போதாவிட்டால் விலகலாம் என்றாலும், நாலு கல்லூரிகளின் தொகையை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு அது சரிப்படாது. முன்கூட்டியே விண்ணப்பித்தாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாத 'எர்லி ஆக்‌ஷன்' இருந்தால் அதில் போடுங்கள்.