முன் பம்ப் ஸ்டொப் எவ்வளவு நீட்டலாம்? பழைய ஜீப்காரரின் கேள்விகளும் பதில்களும்

செஸிக்குக் கீழே, அக்சிலுக்கு நேர் மேலே தொங்குகிற அந்தக் கறுப்பு றப்பர் கட்டைதான் பம்ப் ஸ்டொப். சில்லு மேலே எழும்பும்போது கடைசி அடியை வாங்குவது அதுதான். அதை நீட்டிக்க வைக்கிற துண்டுக்குப் பெயர் ஸ்பேசர். வாகனத்தை உயர்த்தியவர்கள், பெரிய டயர் போட்டவர்கள் என்று திருகோணமலைச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

நிலாவெளியிலிருந்து: அண்ணா, என்னுடைய டிஃபென்டர் 110க்கு 2 இஞ்சி உயரமான கொயில் ஸ்பிரிங் போட்டாச்சு. பம்ப் ஸ்டொப்புக்கும் 2 இஞ்சி ஸ்பேசர் வைக்கவேணும் என்று கராஜில் சொல்கிறார்கள். சரியா?

அந்தக் கணக்குப் பிழை தம்பி. ஸ்பிரிங் எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பம்ப் ஸ்டொப் பார்ப்பதில்லை. அக்சில் மேலே வரும்போது எது முதலில் முட்டும் என்பதைத்தான் பார்க்கவேணும். ஷொக் அப்சோபர் முழுவதும் மடங்கி அடியில் இடிக்கலாம், டயர் மட்காட்டில் உரசலாம், கொயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டலாம், ஸ்டியரிங் றொட் எஞ்ஜின் சம்பில் முட்டலாம். இவற்றில் எது முந்துகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னாலே றப்பர் நிறுத்தவேணும்.

ஷொக்கும் டயரும் பழையதுதான் என்றால் மேல்பக்கத்து எல்லை மாறவே இல்லை, கொயில் ஒட்டவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தினால் ஸ்பேசர் தேவையில்லை. கொயிலுக்குக் கணக்கு சுலபம்: கம்பித் தடிப்பைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 15 மி.மீ. கம்பி, 8 சுற்று என்றால் 120 மி.மீ.இல் அது இரும்புக் குழாய்தான். அதற்கு 10 மி.மீ.ஆவது முன்னால் றப்பர் வேலையை முடித்திருக்கவேணும்.

நீளமான ஷொக் போட்டிருந்தால், பழையதையும் புதியதையும் முழுதாக மடக்கிக் கண்ணுக்குக் கண் (இரண்டு முனையிலும் போல்ட் போகிற ஓட்டைகள்) அளவெடுங்கள். பழையது 330, புதியது 362 என்று வந்தால் வித்தியாசம் 32. ஸ்பேசர் 35 மி.மீ. அளவில் போதும். அதற்குப் பதிலாக 50 வைத்தால், காசு கொடுத்து வாங்கிய அசைவில் 15 மி.மீ.ஐச் சும்மா பூட்டி வைக்கிறீர்கள்.

உப்புவெளியிலிருந்து: இதை வீட்டிலேயே சரியாக அளப்பது எப்படி?

ஒரு சனிக்கிழமை முழுவதும் வேணும், ஆனால் இதைச் செய்யாமல் வைக்கிற ஸ்பேசர் எல்லாம் குருட்டு வைத்தியம்.

சமதரையில் பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒன்றையும் கழற்ற முன்னர், வாகனம் தன் சில்லில் நிற்கும்போது அக்சில் தட்டிலிருந்து (றப்பர் வந்து முட்டுகிற இடம்) செஸித் தட்டுவரை (றப்பர் பூட்டியிருக்கிற இடம்) உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். றப்பரின் நுனிக்கு அளக்கவேண்டாம், இரும்புக்கு இரும்பு. பிறகு செஸியை இரண்டு பக்கமும் உறுதியான ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜக்கை நம்பி யாரும் கீழே படுக்கவேண்டாம். இரண்டு கொயிலையும் பம்ப் ஸ்டொப்புகளையும் கழற்றுங்கள். ஸ்பிரிங் உள்ளே இருக்க ஜக் அடித்தால் அக்சில் ஏறாது, செஸிதான் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும். லீஃப் ஸ்பிரிங் வாகனம் என்றால் மெயின் தகட்டை மட்டும் விட்டு மற்றத் தகடுகளை எடுங்கள். ஷொக்கும் ஓடப்போகிற டயரும் பூட்டியே இருக்கட்டும்.

இப்போது அக்சிலின் நடுவில் ஜக் வைத்து மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். டயர், பிரேக் ஹோஸ், ட்ராக் றொட், முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நான்கிலும் கண் இருக்கட்டும். ஏதாவது ஒன்று முட்டினவுடன் நிறுத்தி மறுபடி இரும்புக்கு இரும்பு அளவெடுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றி, மற்றப் பக்கத்தைத் தொங்கவிட்டு அதையே செய்யுங்கள். நேராக ஏறும்போது தப்புகிற டயர் சரிவாக ஏறும்போது மாட்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நிற்கும்போது 190 மி.மீ. ஷொக் அடியில் இடிப்பது 88இல். அதற்கு 12 பாதுகாப்பு விட்டால் எல்லை 100. றப்பரின் இயல்பு உயரம் 75, வைஸில் நெருக்கினால் 40 வரை இறங்குகிறது. ஸ்பேசர் = 100 − 40 = 60 மி.மீ. இனி 190இலிருந்து 60ஐயும் 75ஐயும் கழித்தால் 55 மி.மீ. வெறும் இடைவெளி. அதற்குப் பிறகு 35 மி.மீ. றப்பருக்குள் போகும். மொத்தம் 90 மி.மீ. மேல் அசைவு, நல்ல அளவு.

அந்த வெறும் இடைவெளி, ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு 40க்குக் கீழே வந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் செஸியில் சுத்தியல் அடிதான். அப்போது ஸ்பேசரைக் குறைப்பதல்ல வழி. குறைத்தால் ஷொக் உடையும். மடங்கிய நீளம் குறைந்த ஷொக் தேடுங்கள், அல்லது ஷொக்கின் மேல் மவுண்டை உயர்த்துங்கள்.

சீனக்குடாவிலிருந்து: இரண்டாம் தலைமுறை பஜீரோ. டோர்ஷன் பாரை (கொயிலுக்குப் பதிலாக ஸ்பிரிங் வேலை செய்கிற முறுக்குத் தண்டு) முறுக்கி முன்பக்கம் உயர்த்தினோம். வேகத்தடை தாண்டி இறங்கும்போது 'டக்' என்று சத்தம். பம்ப் ஸ்டொப்பை நீட்டினால் போகுமா?

போகாது. நீங்கள் கேட்கிற சத்தம் மேலே முட்டுவதில் வருவதல்ல, கீழே தொங்குவதில் வருவது. மேல் ஆர்முக்கு (சில்லைச் செஸியோடு பிடிக்கிற மேல் கைக்கு) ஒரு சிறிய றப்பர் இருக்கிறது, சில்லு கீழே இறங்கும்போது அதுதான் எல்லை. டோர்ஷன் பாரை முறுக்கினால் மொத்த அசைவு ஒரு மி.மீ.கூடக் கூடாது, கீழே இருந்ததை மேலே மாற்றி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். வாகனம் நிற்கும்போதே மேல் ஆர்முக்கும் அந்த றப்பருக்கும் இடையில் விரல் நுழையவில்லை என்றால், முறுக்கியது அதிகம். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தளர்த்துங்கள். மொத்த உயர்வு 40 மி.மீ.க்கு மேல் போகவேண்டாம். பிறகு அலைன்மென்ட் கட்டாயம்.

அந்த மேல் றப்பரை வெட்டிச் சிறிதாக்குகிறவர்களும் உண்டு. சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் சில்லு இன்னும் கீழே தொங்கும், அக்சில் ஷாஃப்டின் சி.வி. ஜொயின்ட் (மடங்கியபடியே சுழல்கிற மூட்டு) கூடுதல் கோணத்தில் சுழலும், அதை மூடுகிற றப்பர் பூட் கிழியும், உள்ளே மண் போகும். பிறகு வருகிற செலவோடு ஒப்பிட்டால் அந்த 'டக்' மலிவு.

கீழ்ப் பம்ப் ஸ்டொப்பில் (சில்லு மேலே ஏறும்போது முட்டுவது) கை வைக்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்கவேணும். இந்த வகை வாகனங்களில் அது சில்லுக்கு நேரே இல்லை, கீழ் ஆர்மின் நடுவில் எங்கேயோ இருக்கும். ஆர்மின் ஊன்றிலிருந்து பாதித் தூரத்தில் என்றால், 10 மி.மீ. ஸ்பேசர் சில்லில் 20 மி.மீ. அசைவைத் தின்றுவிடும். பழைய ஹைலக்ஸ் டோர்ஷன் பார் வாகனங்களுக்கும் இதே கணக்கு.

மூதூரிலிருந்து: மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப். முன்னுக்கு 50 மி.மீ. நீளமான ஷக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் செஸியோடு தொடுக்கிற ஊசல் தகடு) போட்டோம், ஸ்பிரிங் பழையது. ஸ்டொப்பில் ஏதாவது செய்யவேணுமா?

ஷக்கிள் 50 நீண்டால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் 50 இறங்கும். நடுவில் இருக்கிற அக்சில் 25 இறங்கும். லீஃப் ஸ்பிரிங்கில் ஸ்டொப்பின் முதல் வேலை, மெயின் தகடு நேரான பிறகு மறுபக்கம் வளையாமல் காப்பது. தகடு நேராகிற இடமும் இப்போது 25 மி.மீ. கீழே வந்துவிட்டது. ஆகவே 25 மி.மீ. ஸ்பேசர். அதோடு முன் ஸ்பிரிங்கின் எந்த முனையில் ஷக்கிள் இருக்கிறது என்று பாருங்கள். முன்முனையில் என்றால் காஸ்டர் கோணம் (சில்லு திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு) குறையும், ஸ்டியரிங் அலையும். அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துத் திருத்தவேணும்.

ஸ்பேசரை யூ போல்ட் தட்டில் வெல்டிங் அடிக்கிறவர்களுக்கு: தட்டைக் கழற்றி வெளியே எடுத்து அடியுங்கள். ஸ்பிரிங்கில் இருக்கும்போது அடித்தால் தகட்டின் பதம் போய்விடும், ஒரு நாள் அந்த இடத்திலேயே முறியும்.

அனுராதபுரச் சந்தியிலிருந்து: ஸ்பேசரை என்னத்தில் செய்வது? வாஷர் அடுக்கலாமா? பழைய டயர்த் துண்டு?

வாஷர் அடுக்கவே வேண்டாம். அடி எப்போதும் நேராக விழாது, பக்கவாட்டிலும் தள்ளும். அடுக்கு வழுக்கி போல்ட் வளையும். டயர்த் துண்டு முதல் மாதம் நன்றாக இருக்கும், பிறகு நூல் பிரிந்து அமுங்கிப்போகும். நீங்கள் அளந்த 60 அப்போது 60 இல்லை.

லேத்தில் கொடுத்து 60 மி.மீ. விட்டமுள்ள உருட்டு இரும்பில் வெட்டுவியுங்கள். இரண்டு முகமும் சமாந்தரமாக இருக்கவேணும். செஸித் தட்டைவிட ஸ்பேசர் அகலம் குறைந்தால் தட்டு குழிந்துவிடும், அப்போது நடுவில் 6 மி.மீ. தகடு ஒன்று வையுங்கள். 8.8 தர போல்ட், நைலொக் நட். எம்8 என்றால் 25 நியூட்டன் மீற்றர், எம்10 என்றால் 45. றப்பருக்குள் வார்த்த ஸ்டட் என்றால் இவ்வளவு முறுக்கவேண்டாம், உள்ளே பிடி விட்டுச் சுழலத் தொடங்கும்.

அலுமினியம் இலேசு, வெட்டவும் சுலபம். ஆனால் கடற்கரையில் படகு இழுக்கிற வாகனத்துக்கு நான் சொல்லமாட்டேன். உப்பு ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் இன்னும் வேகம். இரும்பே போதும். சிங்க் பெயின்ட் இரண்டு பூச்சு, போல்ட் ஓட்டைக்குள் கிரீஸ்.

குச்சவெளியிலிருந்து: றப்பரா, பொலியுரேதேனா?

றப்பர். கடினமான பொலியுரேதேன் வருடக்கணக்கில் கிடக்கும், ஆனால் அமுங்காது. அது அமுங்காததை செஸி பிராக்கெட் வாங்கிக்கொள்ளும், வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விடும். நுண்துளை உள்ள மஞ்சள் அல்லது வெள்ளை நுரைப் பொலியுரேதேன் வேறு சாதி: தொடக்கத்தில் மென்மை, போகப்போக இறுக்கம், தன் உயரத்தில் கால்வாசி அளவுக்கு நெருங்கும். அடிக்கடி முட்டுகிற வாகனத்துக்கு அது மிக நல்லது. ஆனால் மேலே சொன்ன கணக்கில் 40க்குப் பதிலாக 20தான் வரும், ஸ்பேசரை அதற்கேற்ப மாற்றவேணும். கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்குகிறவர்கள் கழற்றிய பழைய றப்பரை எடுக்கவேண்டாம். நகத்தால் அழுத்தி மடக்கிப் பாருங்கள், மயிர்க்கோடாக வெடிப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: 235/75R15ஐ எடுத்துவிட்டு 31×10.5R15 போட்டேன். ரோட்டில் பிரச்சினை இல்லை. வயல் வரம்பைக் குறுக்காக ஏறும்போது மட்டும் ஒரு பக்கம் மட்காட்டில் உரசுகிறது. அக்சில் ஒரே துண்டு வகை.

பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ., புதியது 787. ஆரத்தில் 27 வித்தியாசம். நேராக ஏறும்போது அந்த 27ஐ ஸ்பேசர் வைத்தால் சமாளிக்கலாம். வரம்பில் நடப்பது வேறு. ஒரு பக்கம் ஸ்டொப்பில் முட்டி நின்ற பிறகும் மற்றச் சில்லு பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது அக்சில் ஸ்டொப்பையே ஊன்றாக வைத்து ஊஞ்சல்போலச் சாயும். ஸ்டொப்பிலிருந்து இந்த டயர் 300 மி.மீ. வெளியே, மற்ற டயர் 1,140 மி.மீ. தள்ளி என்று வையுங்கள். மற்றது இன்னும் 100 இறங்கினால் இது 26 ஏறும். ஆகவே 27 போதாது, 50க்குப் பக்கத்தில் வரும்.

ஆனால் 50 வைத்தால் ரோட்டில் இடைவெளி போதுமா என்று முதலில் பாருங்கள். போதாவிட்டால் ஸ்பேசரை 30உடன் நிறுத்தி, மட்காட்டின் உள்மடிப்பைத் தட்டி வளைப்பது புத்தி. தகரம் மலிவு.

கந்தளாயிலிருந்து: ஜிம்னி, கொயில் ஸ்பிரிங். ஸ்டொப் எங்கே என்றே தெரியவில்லை.

கொயிலுக்கு உள்ளே, மேலே பார்க்கவேணும். ஸ்பேசர் கொயிலின் உள்சுற்றில் உரசாத விட்டத்தில் இருக்கவேணும். சேற்றில் ஓடிய பிறகு கீழ்க் கிண்ணத்தில் மண் இறுகி நிற்கும். அதுவும் ஒரு ஸ்பேசர்தான், கழுவுங்கள்.

நகரத்திலிருந்து: காற்றும் எண்ணெயும் உள்ள ஹைட்ரோலிக் பம்ப் ஸ்டொப் எப்படி?

வேகமாகப் பாய்கிற பந்தய வாகனத்துக்கு அருமை. குளக்கட்டிலும் கிரவல் ரோட்டிலும் 40இல் போகிற ஜீப்புக்கு அந்தக் காசில் நல்ல ஷொக் நான்கு வாங்கலாம்.

நிலாவெளியிலிருந்து மறுபடியும்: எல்லாம் பூட்டிய பிறகு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஷொக்கின் தண்டு வெளியே தெரிகிற வகை என்றால், ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைத் தண்டில் இறுக்கமாகக் கட்டி, ஷொக்கின் உடலோடு சேர்த்துத் தள்ளிவிடுங்கள். மோசமான ரோட்டில் ஒரு சுற்று ஓடிவிட்டு வாருங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ அதுதான் ஷொக் மடங்கிய எல்லை. அதற்கு மேலே 12 மி.மீ. தண்டு மிச்சம் இருந்தால் சரி. 5 என்றால் இன்னும் 7 மி.மீ. தகடு ஒன்று சேருங்கள். 40 என்றால் ஸ்டொப் நீளம் கூடிவிட்டது, அல்லது நீங்கள் போன ரோட்டு நல்ல ரோட்டு. தண்டு மூடியிருந்தால் அக்சில் தட்டில் ஒரு உருண்டை களிமண் ஒட்டி, நசுங்கியதை அளந்து பாருங்கள்.